செக்போஸ்ட் அக்கா திறக்காத கதவு

உலகத்தில் இரும்பு இல்லாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது என்பது செக்போஸ்ட் அக்காவின் அசைக்க முடியாத நம்பிக்கை. கைக்குழந்தையைக் கொண்டுவந்தாலும் முகத்தைப் பார்த்துக் கொஞ்சமாட்டாள். அரைஞாணில் என்ன கோத்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாள். நான்கு வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அவள் நம்பிக்கையைப் பொய்யாக்குகிற ஒரே ஒரு ஆளைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

எல்லை தாண்டிக் கேரளத்துக்குள், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற சாலையில் இருந்தது எங்கள் ஸ்கேன் சென்டர். டாக்டர் படத்தைப் பார்த்து வாய்க்குள்ளேயே முணுமுணுப்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து ரிப்போர்ட் ஆக்குவது என் வேலை. என் மேசைக்கு இந்தப் பக்கம் வரவேற்பு ஹால். அந்தப் பக்கம், இடுப்புயரத் தடுப்புக்கு அப்பால், எம்.ஆர்.ஐ. அறையின் கனத்த கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு மர ஸ்டூல், ஸ்டூலின் மேல் அக்கா. பதவிப் பெயர் அட்டெண்டர். ஆனால் அவள் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தால், உள்ளே இருக்கிற மிஷினை அவள்தான் பெற்று வளர்த்திருக்கிறாள் என்று தோன்றும்.

செக்போஸ்ட் என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. எல்லையில் பிறந்த எங்களுக்குச் செக்போஸ்ட் என்பது பள்ளிக்கூடம் போல ஒன்று. அரிசி, கோழி, பிராந்தி என்று காலத்துக்குத் தக்கபடி எதையாவது இந்த மாநிலத்திலிருந்து அந்த மாநிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் எங்கள் ஆட்களுக்கு இருந்துகொண்டே இருந்தது. சீட்டுக்கு அடியில் மூட்டையை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சாரே" என்று பால் வடியும் முகத்தோடு சொல்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும்.

"வேற ஊர்க்காரங்க மறந்து கொண்டுவருவாங்க. நம்ம ஆளுங்க மறைச்சுக் கொண்டுவருவாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு, கேட்டியா?" என்பாள்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் நானே மாட்டினேன். உள்ளே வேலையாக இருந்த டெக்னீஷியன் பினுவுக்கு டீ கொடுக்கலாம் என்று ஒரு ஸ்டீல் டம்ளரை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன். நல்ல மனசுதான். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்ததை நான் பார்க்கவில்லை. அடுத்த நொடி அவளுடைய இரண்டு கைகளும் என் மார்பில் இருந்தன, டீ முழுவதும் அவளுடைய சேலையில் இருந்தது.

"எலே! நில்லுலே! எங்க போற? உள்ள கெடக்கது என்னன்னு தெரியுமா?"

"ஸ்கேன் மிஷின்."

"காந்தமாக்கும்! ஆள முழுங்குத காந்தம்! இந்த டம்ளரு உனக்க கையில நிக்காது. பறந்து போய்ப் பினுவுக்க மண்டையில நிக்கும்."

சூடான டீ பட்ட கையை அவள் ஊதிக்கொள்ளக்கூட இல்லை. டம்ளரைப் பிடுங்கித் தூர வைத்துவிட்டுத்தான் குழாயடிக்குப் போனாள். பிறகு பினு எனக்குப் புரியவைப்பதற்காக ஒரு ஊக்கை நீளமான நூலில் கட்டிக் கதவுக்கு உள்ளே நின்று பிடித்துக் காட்டினான். நூல் தொங்கவில்லை. சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடப்பார்க்கும் நாய்க்குட்டி மாதிரி, ஊக்கு மிஷினைப் பார்த்து விறைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு டம்ளரோடு நான் அந்தப் பக்கம் போனதில்லை.

எல்லாரும் செய்கிற இன்னொரு தப்பு, படம் எடுக்காத நேரத்தில் மிஷின் சும்மா இருக்கிறது என்று நினைப்பது. ஒருநாள் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏணி, ஸ்க்ரூடிரைவர், கொறடு சகிதம் வந்து நேராக எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையப் பார்த்தார். அக்கா கதவில் முதுகை ஒட்டி இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டாள்.

"அம்மா, கரண்டே இல்லல்லா. பின்ன என்ன காந்தம்? நான் ஐ.டி.ஐ. படிச்சவனாக்கும்."

"நீரு படிச்சீரு, அது படிக்கல்ல. கரண்டு போனாலும் அது முழிச்சுத்தான் கெடக்கும். ஞாயிற்றுக்கிழமையும் முழிச்சுத்தான் கெடக்கும். ஏணிய அங்க வச்சிட்டு வாரும்."

எலக்ட்ரீஷியன் சிரித்தார். பினு ஓடிவந்து, அக்கா சொல்வதுதான் சரி, இந்தக் காந்தம் எப்போதுமே வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்று விளக்கிய பிறகு சிரிப்பு நின்றது. ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்தார். கொறடை வைத்தார். அக்கா நகரவில்லை. முறைத்துக்கொண்டே நின்றாள். கடைசியில் அவர் வேட்டியைத் தூக்கி, உள்ளே போட்டிருந்த கோடு போட்ட நிக்கரின் பாக்கெட்டிலிருந்து ஒரு சாவிக்கொத்தையும், பாக்குவெட்டியையும் எடுத்து வைத்தார்.

அந்தக் கோடு போட்ட நிக்கர் பாக்கெட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சட்டையைக் கழற்றச் சொன்னால் கழற்றுவார்கள். மோதிரம், வாட்ச், செல்போன், பெல்ட் எல்லாம் தட்டில் வரும். "இனி ஒண்ணும் இல்ல" என்று கர்த்தரின் பெயரிலும், பகவதியின் பெயரிலும் சத்தியம் செய்வார்கள். ஆனால் நிக்கர் பாக்கெட்டில் இருப்பதை எங்கள் ஊர் ஆண்கள் பொருளாகவே கணக்கில் எடுப்பதில்லை. அது அவர்களுக்கு உடம்பின் ஒரு பாகம். சுண்ணாம்பு டப்பா, பீரோ சாவி, ரப்பர் வெட்டுகிற கத்தியைத் தீட்டும் அரம் என்று அந்தப் பாக்கெட்டிலிருந்து அக்கா எடுத்தவற்றைக் கொண்டு ஒரு சின்னக் கடையே போட்டிருக்கலாம். ஆண்களை நிக்கர்வரை விசாரிக்க ஒரு ஆண் அட்டெண்டரை வைக்கலாமே என்று ஒருமுறை பேச்சு வந்தது. ஒரு மாதம் வைத்தும் பார்த்தார்கள். அந்த ஆள் வெட்கப்பட்டார். அக்கா வெட்கப்படமாட்டாள்.

பாக்கெட்டுக்கு அடுத்தது இடுப்புச்சரடு. ஒரு தடவை சர்ச் சபைக் கமிட்டியில் பெரிய பொறுப்பில் இருந்த ஒருவர் வந்தார். பிரசங்கம் செய்யும் குரல். அவருடைய இடுப்பில் மந்திரித்துக் கட்டிய தகடு ஒன்று இருந்தது. அக்கா கண்டுபிடித்ததும் அந்தக் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது.

"வீட்டுக்காரி கட்டிவிட்டா. சபை ஐயருக்குத் தெரிஞ்சா மானம் போவும்."

"தெரியாது. கழத்தும்."

அதே வாரத்தில் கோயில் திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். நெற்றி நிறையச் சந்தனம். இடுப்பில் கடற்கரைச் சர்ச்சிலிருந்து வாங்கிக் கட்டிய சிலுவை. அதையும் அக்கா ஒரு காகிதத்தில் பொதிந்து, படம் எடுத்து முடிந்ததும் ஒன்றும் பேசாமல் கையில் கொடுத்தாள். எங்கள் பகுதியில் மத நல்லிணக்கம் எங்கே இருக்கிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், அது இடுப்பில் இருக்கிறது என்று நான் சாட்சி சொல்வேன். அக்கா சொல்லமாட்டாள். அந்த வாசலில் அவள் கேட்ட ரகசியங்களில் ஒன்றுகூட வரவேற்பு ஹாலுக்கு வந்து சேர்ந்ததில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் காதில் விழுந்தது. பெயர் இல்லாமல்தானே எழுதுகிறேன், அக்கா மன்னிக்கட்டும்.

கையில் இருப்பதைப் பிடுங்கிவிடலாம். உடம்புக்கு உள்ளே இருப்பதை என்ன செய்வது? இங்கேதான் அக்காவின் பெரிய கண்டுபிடிப்பு வருகிறது.

ஸ்கேனுக்கு வருகிறவர்கள் ஒரு பாரம் நிரப்ப வேண்டும். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அச்சடித்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறதா, இருதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதுண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எங்கள் ஆட்கள் மேலிருந்து கீழேவரை ஒரே இழுப்பாக 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு நிமிர்வார்கள். அதைப் படித்துப் பார்ப்பது அதிகாரியை அவமதிப்பது என்பதுபோல ஒரு பாவனை.

அக்கா பாரத்தை மதிப்பதே இல்லை. முதலில் எழுந்து நின்று, உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா என்று மலையாளத்தில் கேட்பாள்: "சரீரத்தில் எந்தெங்கிலும் லோஹம் உண்டோ?" பதில் அதே மலையாளத்தில் வரும்: "ஒன்னும் இல்லா." தலையை ஆட்டிக்கொள்வாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் பேசுகிற தமிழில் ஆரம்பிப்பாள்.

"மக்கா, காலு எப்பளாவது ஒடிஞ்சுதா?"

"ஆமா அக்கா, பைக்குல இருந்து விழுந்தேன்."

"பிளேட்டு வச்சாங்களா?"

"வச்சாங்க. அது எலும்போட சேந்துபோச்சுல்லா. இப்போ அது எலும்பாக்கும்."

மலையாளத்தில் லோஹமே இல்லாதவருக்குத் தமிழில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை பிளேட் இருக்கும். மலையாளத்தில் சுத்த சுகமாக இருந்த ஒரு பெண் தமிழில், "வேற ஒண்ணும் இல்ல அக்கா, ஒரு காப்பர்-டி உண்டு. மாமியாருக்குத் தெரியாது" என்றாள். மாமியார் ஹாலில் பேரனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்கா உள்ளே போய்ப் பினுவின் காதில் சொன்னாள். அவன் டாக்டரிடம் கேட்டு, அதனால் ஆபத்தில்லை என்றான். படம் எடுத்தார்கள். மாமியார் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

"ஆபீஸ் பாசையில கேட்டா ஆபீசுக்குச் சொல்லுத பதிலச் சொல்லுவாங்க. வீட்டுப் பாசையில கேட்டாத்தான் ஒடம்பு பேசும்" என்பது அக்காவின் சித்தாந்தம். பத்தாவதுகூட முடிக்காதவள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பேராசிரியரின் அலுப்பு இருக்கும்.

இதில் சிக்கல் என்னவென்றால் நேரம். ஒவ்வொரு ஆளுக்கும் வாசலில் இருபது நிமிஷம், அரைமணி. ஹாலில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். மேனேஜர் எங்களைவிடச் சின்ன வயசுக்காரர், நல்லவர்தான், ஆனால் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்தே ஒரு பக்கம் திரும்பிவிட்டது. ஒருநாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டு, இனிமேல் பாரத்தில் உள்ளதை ஒருமுறை சரிபார்த்தால் போதும், தமிழ் விசாரணை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம்.

அன்றைக்குத்தான் சார் வந்தார்.

சார் என்றால் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். மேனேஜருக்குப் பாடம் எடுத்தவர். வாசலில் அவருடைய கார் நின்றதுமே மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகிவிட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, கூடவே மனைவி, செல்போனை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு மகன். சாருக்கு இரண்டு மாதமாகத் தலைவலி, தலைச்சுற்றல். திருவனந்தபுரத்து டாக்டர் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். சாருக்கு வலது கண்ணில் பார்வை இல்லை. நீரழுத்தம் கூடி, பல வருஷங்களுக்கு முன்பே போய்விட்டது. இடது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறார் என்று அவருடைய மனைவி பெருமையாகச் சொன்னார்.

சாரும் எங்கள் பக்கத்து ஆள்தான். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழுந்து யாரும் கேட்டதில்லை. அவர் பேசுவது ரேடியோச் செய்தி மலையாளம். மேனேஜரே பேனா எடுத்து, மரியாதையாக நின்றுகொண்டு, பாரத்தை வாசித்தார். சார் ஒவ்வொன்றுக்கும் "இல்லா" என்றார். கண்ணைப் பற்றிய கேள்விக்கும் "இல்லா" என்றார். அந்த "இல்லா"வில் ஒரு கமாகூடத் தப்பவில்லை.

சார் உடை மாற்றிக்கொண்டு வந்தார். முழங்கைவரை மட்டுமே கை உள்ள அங்கி. அக்கா வழக்கப்படி தட்டை நீட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மேனேஜர் கண்ணால் ஜாடை காட்டினார். அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது சாரின் முன்னங்கைகளை.

"சார், கொஞ்சம் இருங்க. ஒரு காரியம் கேக்கணும்."

சாரின் முகம் சுருங்கியது. "மலையாளத்தில் பறயணம்" என்றார், வகுப்பில் பின் பெஞ்சுக்காரனிடம் சொல்கிற தொனியில்.

"மலையாளத்துல கேட்டாச்சுல்லா சார். அது போதாது."

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, கதவத் திறங்க. சார் சொல்லியாச்சு, பாரத்துல நானே எழுதியாச்சு."

"திறக்க மாட்டேன்."

"வேல போயிரும்."

"போவட்டு."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நான் தட்டச்சை நிறுத்திவிட்டேன். அவளுடைய வீட்டுக்காரர் நடமாட்டமில்லாமல் படுத்த படுக்கையாக இருந்த காலம் அது. வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. மேனேஜருக்கும் அது தெரியும். டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து பேசிக்கொள்கிறேன் என்று வேகமாக மாடிக்குப் போனார். சார் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா தன் சேலைத் தலைப்பைத் தள்ளி இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே தோலுக்கு அடியில் நீலமும் கறுப்புமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். பேனா மையைத் தெளித்தது போல இருக்கும். நான் பல நாள் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை.

"இதப் பாருங்க சார். கல்யாணத்துக்கு மின்ன அஞ்சு வருசம் பாறமடையில கல்லு ஒடைச்சேன். சுத்தியல் அடிக்கும்ப தெறிக்கது தோலுக்குள்ள போய் இருந்துக்கிடும். பெறவு வெளிய வராது." கொஞ்சம் நிறுத்தி, சாரின் கையைத் தொடாமல் சுட்டிக் காட்டினாள். "உங்களுக்க கையிலயும் அதுதான் சார் இருக்கு. இது பள்ளிக்கூடத்துல கெடைக்காது."

சார் இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து மூடிக்கொண்டார். அவர் வெளியே எப்போதும் முழுக்கை ஜிப்பாதான் போடுவார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாருட்டயும் சொல்லமாட்டேன் சார். கையில கெடக்கதப் பத்திப் பயமில்ல. கண்ணுல ஏதாவது தெறிச்சுதா? அது மட்டும் சொல்லுங்க. இந்தக் கதவுக்கு உள்ள கேறினா, கண்ணுக்குள்ள கெடக்க இரும்பு எந்திரிச்சு நடக்கும். உங்களுக்கு இருக்கது ஒத்தக் கண்ணாக்கும்."

ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சார் நிமிரவில்லை. பேசியபோது அது ரேடியோக் குரல் இல்லை. யாரோ வேறு ஆள் பேசுவது போல இருந்தது.

"எந்தப் பாறமட?"

அக்கா ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"நான் அதுக்குக் கெழக்க உள்ளதுல. காலேஜுக்குப் பீஸு கட்ட ரெண்டு வருசம் போனேன். ஒருநாள் உளி மொனை தெறிச்சு இந்தக் கண்ணுல அடிச்சுது. கம்பவுண்டர் சொட்டு மருந்து விட்டாரு. நாலஞ்சு நாளுல செரியாச்சு. உள்ள ஒண்ணும் இருக்காது மக்ளே. இத்தன வருசமா வலிச்சது இல்லல்லா."

"வலிக்காது சார். அது பாட்டுக்கு உறங்கிக்கிட்டு கெடக்கும்."

மாடியிலிருந்து டாக்டர் கோபமாகத்தான் இறங்கி வந்தார். பின்னால் மேனேஜர். அக்கா எழுந்து நின்று, "டாக்டரே, சாருக்குக் கண்ணு எக்ஸ்ரே எடுக்கணும். எடுக்காம கதவு திறக்காது" என்றாள். ஏன் என்று டாக்டர் கேட்டார். அக்கா சாரைப் பார்த்தாள். சார் தரையைப் பார்த்தார். "எடுங்க டாக்டரே" என்றாள் மறுபடியும், அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அக்கா இப்படி அடம்பிடித்தால் அதில் விஷயம் இருக்கும் என்று டாக்டருக்குப் பழைய அனுபவம் உண்டு. சாரை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார்.

பத்து நிமிஷத்தில் படம் வந்தது. இடது கண் இருக்கிற இடத்தில், பாதி அரிசி மணி அளவுக்கு, பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் நின்ற இடத்திலேயே நின்றார். எல்லாரும் ஒரே சமயத்தில் அந்தக் கதவைத்தான் பார்த்தோம்.

காந்தம் இல்லாத சி.டி. ஸ்கேனில் சாரின் தலையைப் படம் எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் இருப்பதைப் பற்றிக் கண் ஆஸ்பத்திரியில் முடிவு செய்யட்டும் என்று டாக்டர் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதும்போது, "இது எப்படி உள்ளே போனது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்குள் சாரின் மனைவியும் மகனும் எக்ஸ்ரே செய்தி கேட்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

சார் மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அப்போதுதான் என் நான்கு வருஷ அனுபவத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். செக்போஸ்ட் அக்கா பொய் சொன்னாள்.

"அது... பள்ளிக்கூடத்துல பெஞ்சு ஆணி தெறிச்சதாக்கும் டாக்டரே. பிள்ளைங்க யாராவது எறிஞ்சிருக்கும்."

படு மட்டமான பொய். மற்றவர்களுடைய பொய்யைப் பிடித்துப் பிடித்து, சொந்தமாக ஒன்று சொல்லும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. டாக்டரே நம்பவில்லை. சார் அவளைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண்ணில் எனக்குத் தெரிந்தது கோபம் இல்லை.

"எனக்காக நீ பொய் சொல்லாண்டாம் மக்ளே" என்றார், ஹாலுக்கே கேட்கும்படி, எங்கள் ஊர்த் தமிழில். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "எழுதுங்க டாக்டர். நான் கல்லு ஒடைக்கப் போனவனாக்கும். ரெண்டு வருசம். உளி தெறிச்சதாக்கும்."

மேனேஜர் கையில் இருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார். மகன் முதல்முறையாகச் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். சாரின் மனைவி மட்டும் அசையாமல் நின்றார். அவருடைய முகம் போகிற போக்கைப் பார்த்து, இந்த வயதில் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமே என்று பயந்தேன்.

"இதயா இத்தன காலம் மறைச்சு வச்சீங்க?" என்றார் அந்த அம்மா.

சார் கைகளை மறுபடியும் மூடிக்கொண்டார்.

"அந்தக் கண்ணு மட்டும் சில நேரம் தானாட்டு நனையும்லா. ஒத்தக் கண்ணுல தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். நான் கேட்டா மொகத்தத் திருப்பிக்கிடுவீங்க. எனக்கு மின்ன ஒரு பொண்ணு பாத்தாங்கல்லியா, பூவாறுல? அவள நெனச்சு அழுதீங்கன்னுல்லா முப்பத்தெட்டு வருசமா நான் வயிறெரிஞ்சேன்!"

சார் திகைத்துப் போனார். "எந்தப் பொண்ணு?" என்றார்.

முதலில் சிரித்தது டாக்டர். அப்புறம் பினு. அந்த அம்மா சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல், சாரின் கையை இழுத்து அந்தப் புள்ளிகளைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்த்தால் போய்விடும் என்று நினைத்தாரோ, அல்லது இத்தனை வருஷம் கூட இருந்து கேட்காமல் விட்டோமே என்று நினைத்தாரோ, தெரியவில்லை. சார் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அக்கா திரும்பி நின்று சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, அப்பாவின் படத்தைப் பினுவின் கம்ப்யூட்டரில் பார்க்க ஆசைப்பட்ட மகன், செல்போனும் கையுமாக எம்.ஆர்.ஐ. கதவுப் பக்கம் நடந்தான்.

"எலே! மொபைலு!"

அவன் மட்டுமல்ல, சார், டாக்டர், மேனேஜர், நான் என்று எல்லாருமே அவரவர் இடத்தில் உறைந்து நின்றோம்.

மேனேஜர் அடுத்த வாரமே பாரத்தில் தமிழில் ஒரு வரி சேர்த்தார்: கல் உடைத்ததுண்டா, வெல்டிங் செய்ததுண்டா, கண்ணில் ஏதாவது தெறித்ததுண்டா. அச்சடித்து வந்த பாரத்தை அக்காவிடம் பெருமையாகக் காட்டினார். அவள் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுதிக் கேட்டா எழுதிப் பொய் சொல்லுவாங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

சார் அவ்வப்போது வருவார். ஸ்கேனுக்கு இல்லை. அதியன்னூர்ப் பக்கம் போகிற வழியில் காரை நிறுத்தி, அரைக்கைச் சட்டையோடு இறங்கி, அக்காவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று பத்து நிமிஷம் தமிழில் பேசிவிட்டுப் போவார். என்ன பேசுவார்கள் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் மட்டும் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

இப்போது நான் வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறேன். அக்கா இன்னமும் அந்த வாசலில்தான் இருக்கிறாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்னைப் பெற்றவளுக்கு அடுத்தபடி, எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று பதறி எழுந்தவள் அவள்தான். இதை அவளிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால், "என்னத்த மறைச்சு வச்சுக்கிட்டு இப்படி இளிக்குத? பாக்கெட்டக் காட்டு பாப்பம்" என்பாள்.

கேட்கட்டும். காட்டுகிறேன்.